பெண் எடுத்த இடம்

வைசன்ரோட
1974 செப்டம்பர் 15

ரோத்துவா அக்காவுக்குத் தோகார் எழுதுவது.

உடம்புக்கு ஒன்றுமில்லை அக்கா. வயிறு மட்டும் இந்த ஊர் உருளைக்கிழங்கோடு இன்னும் சமாதானம் ஆகவில்லை. அம்மாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது? ஏரிக் காற்று ஆரம்பித்திருக்குமே, கழுத்தில் துணி சுற்றிக்கொள்ளச் சொல்.

கட்டடப் பள்ளியில் எங்கள் ஆசிரியர் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். ஊரிலிருக்கும் மூன்று பழைய தேவாலயங்களையும் அளந்து, உள்ளும் புறமும் வரைந்து கொடுத்தால்தான் சான்றிதழ். சந்தைத் திடலில் நிக்கோலாய், ஆலைக்குப் பக்கத்தில் கேயார்க், மேட்டின் மேல் கத்தரீனா. நம் பாலிகே தேவாலயத்தையே பெரிசு என்று நினைத்தவன் நான். நிக்கோலாயின் தூணை அண்ணாந்து பார்த்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. கூடப் படிக்கிற டீட்டர் கேட்கிறான்: "என்னடா, சாமி தெரிஞ்சாரா மேல?"

மூன்றில் எனக்குப் பிடித்தது கத்தரீனாதான். சின்னது, இருட்டு. சுவர் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிகள் மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கல்யாண முடி, மணப்பெண் தலையில் சூடுகிற கிரீடம். கம்பி, காகித ரோஜா, வெள்ளிச் சரிகை, கீழே ஒரு பெயர். கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் டோல் என்கிற கிழவரிடம் இது என்ன என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆகாம செத்தா முடி வெச்சுத்தான் தம்பி அனுப்பணும். புதைச்சிட்டு வந்து அதை இங்க மாட்டிடுவோம். இல்லாட்டி அதுங்க ஆள் தேடிக்கிட்டு ஊருக்குள்ள வரும்."

"முடி மாட்டிட்டா வராதா?"

"ஏன் வரணும்? உக்காந்த இடத்துலயே காத்துக்கிட்டு இருக்கும்."

சொல்லிவிட்டுச் சிரிக்கிறார் மனுஷன். கடைசிப் பெட்டியில் இருந்த பெயரைப் படித்ததும் எனக்குத் திக்கென்றது. ஆல்முட் ஆம்தோர். நான் குடியிருக்கும் வீட்டுக்காரி ஆம்தோர் அம்மாவின் மகள். பத்தொன்பது வயதில் நெஞ்சுச் சளியில் போய்விட்டாளாம். மாடியில் எனக்குக் கொடுத்திருப்பது அவள் அறைதான். நல்ல வெளிச்சமான அறை, பயப்படாதே. ஆம்தோர் அம்மாவும் நல்ல மாதிரி. தனிக்கட்டை. என்னைச் சாப்பிட வைப்பதே அவருக்கு வேலையாகிவிட்டது. நம் ஹோராஸ் வணக்கத்தைக்கூட அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

எல்லோருக்கும் ஹோராஸ்.
தோகார்

*

பாலிகே
1974 அக்டோபர் 6

தம்பி தோகார்,

நான் கல்லு மாதிரி இருக்கிறேன். அம்மாதான் துணி சுற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "நான் என்ன பனியிலயா கெடக்கேன், பனியில கெடக்கறவனுக்குச் சொல்லு" என்கிறாள். மூச்சிரைப்பு குறையவில்லை. உன்னைப் பார்த்தால் குறையும் என்று அவளாகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருக்கிறாள்.

அடுத்த ஆகஸ்டில் நீ வந்ததும் கல்யாணம் என்று மாமா சொல்லிவிட்டார். உன் முறைப்பெண் லம்ரியா போன ஞாயிறு மீன் கொண்டுவந்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் படத்துக்குக் கீழே நின்று படத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கே சிரிப்பு வந்தது. தங்கமான பெண்டா. அவளை ஏமாற்றினால் உன் காலை ஒடிப்பேன்.

செத்த பெண்களின் கல்யாண முடிக்குக் கீழே உட்கார்ந்து படம் வரைய உனக்கு வேறு இடமே கிடைக்கவில்லையா? வரைந்தோமா வந்தோமா என்று இரு. அந்த அறையையும் மாற்றித் தரச் சொல். இல்லை, சொல்லாதே, அந்த அம்மா மனசு நோகும்.

நம் போதகர் சிலித்தோங்காவின் மனைவி அந்த நாட்டுக்கு ஏதோ சபைக் கூட்டத்துக்கு வருகிறாள். அவளிடம் ஒரு உலோஸ் துணி கொடுத்தனுப்புகிறேன். சந்தையில் என் கடைக்கு வந்ததிலேயே நல்ல நெசவு, கரும் சிவப்பு, ஓரத்தில் முத்து. உனக்கல்ல. ஆம்தோர் அம்மாவுக்கு, உனக்குச் சோறு போடுவதற்காக. கொடுக்கும்போது இரண்டு கையாலும் கொடு.

ஹோராஸ்.
உன் அக்கா ரோத்துவா

*

வைசன்ரோட
1974 நவம்பர் 27

அக்கா,

சுகமாக இருக்கிறேன். இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. இடது தோள் மட்டும் எப்போதும் சில்லென்று இருக்கிறது, சன்னல் பக்கம் படுக்கிறேன் அல்லவா, அதனால்தான். அம்மாவுக்கு மருந்து ஒழுங்காகக் கொடுக்கிறாயா?

உலோஸ் வந்தது. பொட்டலத்தைச் சமையலறை மேசையில் வைத்து, "எங்க அக்கா உங்களுக்கு அனுப்பியிருக்கா" என்றேன். ஆம்தோர் அம்மா பிரித்துப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

போன ஞாயிறு இங்கே இறந்தோர் ஞாயிறு. அந்த வருஷம் போனவர்களின் பெயர்களைப் பலிபீடத்தின் முன்னால் வாசிப்பார்கள், பிறகு எல்லோரும் கல்லறைக்கு விளக்கு கொண்டுபோவார்கள். ஆம்தோர் அம்மாவோடு நானும் கத்தரீனாவுக்குப் போனேன். கூட்டம் கலைந்த பிறகும் அவர் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. பையிலிருந்து உலோஸை எடுத்தார்.

"இதை உங்க ஊர்ல எப்படிக் குடுப்பாங்க தோகார்? பொட்டலமா மேசையில வெச்சிட்டுப் போறதா வழக்கம்?"

எனக்கு வெட்கமாகிவிட்டது அக்கா. நீ இரண்டு கையாலும் கொடுக்கச் சொன்னாயே. எழுந்து நின்று, துணியை மடித்து அவர் கையில் வைத்து, "எங்க ஊர்ல பெரியவங்கதான் சின்னவங்க தோள்ல போடுவாங்க, இப்படி" என்று குனிந்து காட்டினேன். அவர் என் தோளில் போட்டார். இரண்டு முனையையும் இழுத்து நெஞ்சில் சேர்த்து அழுத்தினார், நம் பெரியவர்கள் செய்கிற மாதிரியே. யார் சொல்லிக் கொடுத்தது? பிறகு சுவரில் ஆல்முட்டின் பெட்டியை நிமிர்ந்து பார்த்து, "இப்பதான் சரியா இருக்கு" என்றார்.

திரும்ப வாங்கிக்கொள்வார் என்று நின்றேன். வாங்கவில்லை. அதைப் போர்த்திக்கொண்டே மேட்டிலிருந்து இறங்கினேன். அவருக்கு நாம் கொடுத்த துணி எனக்கே வந்துவிட்டது, எப்படி என் சாமர்த்தியம்?

இன்னொரு வேடிக்கை கேள். மறுநாள் ரொட்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரி இரண்டு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். "ஒண்ணு போதுமே" என்றேன். "ரெண்டு பேருக்கு ஒண்ணு எப்படிப் பத்தும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள்.

எல்லோருக்கும் ஹோராஸ். லம்ரியாவுக்கும்.
தோகார்

*

பாலிகே
1974 டிசம்பர் 16

தோகார்,

அம்மா சுகம், நான் சுகம், அதெல்லாம் கிடக்கட்டும்.

உனக்கு மூளை இருக்கிறதா? சந்தையில் உலோஸ் விற்கிறவளின் தம்பி நீ. யார் யாருக்குத் துணி போடலாம் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. ஒரு பெண்ணைப் பெற்றவள், அந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்து, கல்யாணம் ஆகாதவன் ஒருவன் தோளில் துணியைப் போட்டு நெஞ்சில் சேர்த்து அழுத்தினால் அதற்கு என்ன அர்த்தம்? மருமகனுக்குப் போடுகிற துணிடா அது. அதுவும் கல்யாண முடி சூடிக் காத்திருக்கிற பெண்ணுக்கு முன்னால். நீயே துணியை மடித்துக் கையில் கொடுத்து, நீயே குனிந்து வாங்கியிருக்கிறாய்.

அந்த அம்மாவுக்குத் தெரியாது என்பாய். அவளுக்குத் தெரிய வேண்டாம். துணிக்குத் தெரியும்.

சிரிக்காதே. கேள். துணிக்கு அப்புறம் பெண் வீட்டார் செய்வது மீன். பெண்ணைப் பெற்றவள் முழு மீனைச் சமைத்து ஒரே தட்டில் வைப்பாள், இரண்டு பேரும் அதில் சாப்பிட வேண்டும். அது நடந்துவிட்டால் பிறகு நான் பேச ஒன்றுமில்லை. அவள் கையால் மீன் மட்டும் சாப்பிடாதே. பன்றி சாப்பிடு, கோழி சாப்பிடு, உருளைக்கிழங்கைத் தின்று வயிறு வீங்கிப் போ. மீன் வேண்டாம்.

அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. லம்ரியாவிடமும் சொல்லவில்லை.

ரோத்துவா

*

வைசன்ரோட
1974 டிசம்பர் 27

அக்காவுக்கும் அம்மாவுக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து. எல்லோரும் சௌக்கியம்தானே? உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. தபால் எல்லாம் பண்டிகைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே கிறிஸ்மஸ் நன்றாக நடந்தது. முந்தின நாள் மாலை ஆம்தோர் அம்மா மேசையில் மூன்று பேருக்கு இடம் போட்டார். மகள் போனதிலிருந்து வருஷா வருஷம் அவளுக்கும் ஒரு தட்டு வைப்பாராம். கிறிஸ்மஸுக்கு இந்த ஊரில் கெண்டை மீன்தான் அக்கா! தலையும் வாலுமாக முழு மீன், நம் ஊரில் கல்யாணத்துக்கு வைப்பது போலவே. காரம் மட்டும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, அப்படி ஓர் ஊர் நினைப்பு.

மீனை அவர் ஆல்முட்டின் தட்டில் வைத்தார். கொஞ்ச நேரம் ஜெபம் பண்ணினோம். பிறகு, "ஆறிப்போயிடும் தோகார். நீ இதுலயே சாப்பிடு, அவ ஒண்ணும் சொல்ல மாட்டா" என்று தட்டை எங்கள் நடுவில் நகர்த்தினார். பாதி சாப்பிட்டேன். மீதியை வைத்துவிட்டோம், வயிறு நிறைந்துவிட்டது.

டீட்டர் ஊருக்குப் போகுமுன் கத்தரீனாவில் வைத்து என்னை ஒரு படம் எடுத்தான். இதோடு வைத்திருக்கிறேன். உலோஸைப் போட்டுக்கொண்டுதான் நிற்கிறேன். எடுக்கும்போது, "கொஞ்சம் நெருங்கி நில்லுங்க ரெண்டு பேரும்" என்றான். பிறகு அவனே முழித்தான். "யாரைடா சொன்னேன்?" என்று என்னைக் கேட்கிறான், பைத்தியக்காரன்.

வரைகிற வேலை மெதுவாகத்தான் போகிறது. பகல் சின்னதாகிவிட்டது. நாங்கள் மத்தியானமே போய்விட்டு வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுகிறோம்.

ஹோராஸ்.
தோகார்

*

பாலிகே
1975 ஜனவரி 20

தம்பி,

என் கடிதம் உனக்கு வந்து சேருமுன்னே நீ சாப்பிட்டுவிட்டாய். தபாலைத் திட்டுவதா, உன்னைத் திட்டுவதா? உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து கை வேலை ஓடவில்லை.

படத்தைப் பார்த்தேன். உனக்குக் கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. ஏன் ஓரமாக நிற்கிறாய்? பாதிப் படம் காலியாகக் கிடக்கிறது. உலோஸ்கூட உன் இடது தோளில் நிற்காமல் அந்தப் பக்கமாக இழுபட்டிருக்கிறது. அம்மா பார்க்குமுன் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

"நாங்கள்" என்று எழுதியிருக்கிறாயே, யார் நாங்கள்? டீட்டர்தான் ஊருக்குப் போய்விட்டானே.

அம்மாவுக்குக் காய்ச்சல். மூன்றாம் தடவை. உன் பெயரைச் சொல்லிக்கொண்டு கிடக்கிறாள். சான்றிதழும் வேண்டாம், தேவாலயமும் வேண்டாம். கிளம்பி வா. எனக்குப் பயமாக இருக்கிறது தோகார். நான் பயப்படுகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

அக்கா

*

வைசன்ரோட
1975 ஏப்ரல் 8

அன்புள்ள அக்கா,

வெகு நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உடம்பு பரவாயில்லை. அம்மா எழுந்து உட்கார்கிறாளா? அதை மட்டும் முதலில் எழுது.

நான் கிளம்பினேன் அக்கா. உன் கடிதம் வந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயிலில் ஏறினேன். அடுத்த நிலையத்தில் இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கு ரயில் சத்தம் ஒத்துக்கொள்ளாது. வயல் வழியே நடந்தே வந்து சேர்ந்தோம். மார்ச்சில் இன்னொரு முறை போனேன். அந்தத் தடவை நிலையத்து வாசலிலேயே கால் வரவில்லை.

மற்றபடி இங்கே எல்லாம் அமைதி. ஆம்தோர் அம்மா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். எனக்குத்தான் பசி இல்லை. நிக்கோலாயையும் கேயார்க்கையும் விட்டுவிட்டேன், கத்தரீனாவை மட்டும் வரைகிறேன். ஆசிரியர் பார்த்துவிட்டு, "எல்லாத் தாள்லயும் இந்த ஒரு பெஞ்சைத்தான வரைஞ்சிருக்க?" என்றார். உண்மைதான். அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை.

லம்ரியாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. அவளுக்கு வேறு இடம் பார்க்கச் சொல் என்று எழுத நினைத்தேன், கை வரவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் அக்கா. அதுவும் சத்தியம்.

தோகார்

*

பாலிகே
1975 ஏப்ரல் 28

மரியாதைக்குரிய ஆம்தோர் அம்மாவுக்கு,

தோகாரின் அக்கா ரோத்துவா வணக்கத்தோடு எழுதுவது. தங்கள் உடல்நலத்துக்காக எங்கள் சபையில் ஜெபிக்கிறோம். உங்கள் மொழி எனக்குத் தெரியாது. எங்கள் போதகர் எழுதித் தருகிறார், தப்பிருந்தால் அவரைத் திட்டுங்கள்.

என் தம்பிக்கு ஏழெட்டு மாதமாகச் சோறு போட்டீர்கள். அதை மறக்க மாட்டோம். இப்போது ஒரு உதவி கேட்கிறேன். எங்கள் அம்மா படுக்கையில் இருக்கிறாள். மகனைப் பார்க்காமல் போய்விடுவாளோ என்று பயம். அவனால் ரயிலில் ஏற முடியவில்லை என்கிறான். யார் ஏற விடவில்லை என்று அவன் எழுதவில்லை. உங்களுக்கும் எனக்கும் அது தெரியும்.

நீங்கள் அவளைப் பெற்றவர். நீங்கள் சொன்னால் கேட்பாள். அவனை விட்டுவிடச் சொல்லுங்கள் அம்மா.

ரோத்துவா

*

வைசன்ரோட
1975 மே 20

ரோத்துவாவுக்கு,

உன் அம்மா குணமாக வேண்டும் என்று வேண்டுகிறேன். எனக்கு மூட்டுவலி, மற்றபடி குறையில்லை.

உன் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்தேன். நான் உன் தம்பியைப் பிடித்து வைக்கவில்லை. அவன் காட்டியபடிதான் துணியைப் போட்டேன். எங்கள் வீட்டில் வழக்கம்போலத்தான் மீன் சமைத்தேன். ஆனால் போட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். என் பெண் போன நாளிலிருந்து அந்தப் படிக்கட்டில் அவள் நடை கேட்கும். ஏறும், பாதியில் நிற்கும், இறங்கும். போன நவம்பரிலிருந்து அது நேராக மாடிக்குப் போகிறது. கதவு சாத்தும் சத்தம் கேட்கிறது.

தோகார் மெலிந்துதான் போனான். டாக்டரைக் கூட்டி வந்தேன். நெஞ்சில் சளி என்கிறார். ஆல்முட்டுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனாலும் நீ கேட்பதை என்னால் செய்ய முடியாது. அவனை விடு என்றால், நீ மறுபடியும் தனியாகப் போய் உட்கார் என்று அர்த்தம். எந்தத் தாய் தன் பெண்ணிடம் அதைச் சொல்வாள்? உங்கள் வழக்கத்தில் வேறு வழி இருந்தால் எழுது. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஹெட்விக் ஆம்தோர்

*

பாலிகே
1975 ஜூன் 11

ஆல்முட்டுக்கு உன் நாத்தனார் ரோத்துவா எழுதுவது.

நன்றாக இருக்கிறாயா என்று உன்னைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டேன், போ. இதை எழுத மாட்டேன் என்று போதகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "செத்தவங்களுக்குக் கடிதாசி எழுதறது பாவம்மா" என்றார். "அப்ப செத்தவளுக்கு ஒருத்தனைக் கட்டி வெச்சது மட்டும் புண்ணியமா? எழுதுங்கய்யா" என்றேன். எழுதுகிறார்.

உன்னைத் திட்டத்தான் நினைத்தேன். என் தம்பியை விடு என்று காலில் விழவும் நினைத்தேன். உன் அம்மாவின் கடிதத்தைப் பார்த்த பிறகு வேறொன்று தோன்றியது. துணி போட்டாயிற்று, மீன் சாப்பிட்டாயிற்று. கல்யாணம் நடந்துவிட்டது, இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. சரி, நடந்தது. அப்படியானால் நீ எங்கள் வீட்டுப் பெண். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அம்மா வீட்டில் என்ன வேலை?

எங்கள் வழக்கத்தில் பெண்ணை எடுத்த வீட்டுக்குத்தான் பெண் வர வேண்டும். மாப்பிள்ளையைத் தன் அறையில் உட்கார வைத்துக்கொள்வது முறை இல்லை. உன் ஊரிலும் இருக்காது என்று நினைக்கிறேன். கிளம்பி வா. அவனையும் கூட்டிக்கொண்டு வா. ரயில் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்கிறான். காதைப் பொத்திக்கொள். எனக்கும்தான் பஸ் ஒத்துக்கொள்ளாது, சந்தைக்குப் போகாமல் இருக்கிறேனா?

ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்காக இந்த வீட்டு வாசலில் இருந்து ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போன வாரம் மாமா வீட்டுக்குப் போய் நானே சொன்னேன். மாமா கத்தினார். அவள் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தாள். தட்டு காலியான பிறகும் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பெயரை உனக்குச் சொல்ல மாட்டேன். அவ்வளவு செய்திருக்கிறேன். இதற்கு நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். என் தம்பியை உயிரோடு என் அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்து.

மாமியார் நல்லவள். நான்தான் கொஞ்சம் வாயாடி. பழகிக்கொள்ளலாம்.

ரோத்துவா

*

வைசன்ரோட
1975 ஜூலை 7

ரோத்துவாவுக்கு,

உன் கடிதத்தை நான் அவளுக்குத்தான் கொடுத்தேன். கத்தரீனாவில், நண்பகலில், சன்னல் வழியே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தபோது, அவள் பெயருக்குக் கீழே நின்று சத்தமாக வாசித்தேன். தோகார் பெஞ்சில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். "என் அம்மா முன்னால் கொண்டுவந்து நிறுத்து" என்ற வரியை இரண்டு தடவை வாசித்தேன். நிறுத்தி நிறுத்தித்தான் முடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கண்ணைத் திறந்தான். "பசிக்குது" என்றான். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

முந்தா நாள் கிளம்பினார்கள். காலையில் படிக்கட்டில் அவன் செருப்புச் சத்தத்துக்கு முன்னால் அவள் நடை இறங்குவதைக் கேட்டேன். நிற்கவில்லை. வாசல் வரைக்கும் போயிற்று. நிலையத்தில் அவன், வண்டி மாற வேண்டிய காசலுக்கு இரண்டு டிக்கெட் கேட்டான். கொடுத்தவன் ஏன் என்று கேட்கவில்லை. ஏறினதும் சன்னல் ஓரத்தை விட்டுவிட்டு உள்பக்கமாக உட்கார்ந்தான். நான் கையை ஆட்டினேன். அவனுக்கல்ல.

பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீடு இப்படித்தான் இருக்குமா? அவளைப் புதைத்த அன்றைக்குக்கூட வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்ததில்லை. மாடிக்குப் போய் அந்தக் கட்டிலைத் தட்டி விரித்தேன், யாருக்கு என்று தெரியாமல்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. இரண்டு பேரைப் பற்றியும்.

ஹெட்விக் ஆம்தோர்

*

பாலிகே
1975 ஆகஸ்ட் 24

சம்பந்தி அம்மாவுக்கு ரோத்துவாவின் வணக்கம்.

வந்து சேர்ந்தார்கள். தோகார் எலும்பும் தோலுமாகத்தான் இருக்கிறான், ஆனால் மூன்று வேளையும் சாப்பிடுகிறான். இங்கே வந்து ஆஸ்பத்திரியில் காட்டினோம். நெஞ்சு தெளிந்துவிட்டது என்றார்கள். அம்மா எழுந்து நடக்கிறாள். அவனைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு அவனை விட்டுவிட்டு அவன் இடது பக்கமாகத் திரும்பி, "வாம்மா, உள்ள வா" என்றாள். நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

புதுசாக வந்தவர்களுக்கு உயிர் உடம்பில் நிலைக்கட்டும் என்று தலையில் அரிசி போடுவது எங்கள் முறை. பாயில் இரண்டு பேருக்கு இடம் விட்டேன். தம்பி தலையில் போட்ட அரிசி தோளில் உருண்டு பாயில் விழுந்தது. பக்கத்தில் ஒரு பிடி போட்டேன். அது விழுகிற சத்தத்துக்காக நான் காத்துக்கொண்டிருந்தேன் அம்மா. இன்னும் காத்துக்கொண்டிருக்கிறேன். பாயை உதறிப் பார்த்தேன், அவன் பங்கு மட்டும்தான் கொட்டியது.

ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மட்டும், "உங்க வீட்டுப் பொண்ணு ஏன் ஏரிக்கரையில தனியா நிக்குது, காத்து ஆகாதே" என்றாள். போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன். அதாவது போய் நின்று, "வா போகலாம்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் திருப்பி அனுப்பினேன் என்று எழுதினேனே, அந்தப் பெண் மேடான் நகரத்துக்கு நர்ஸ் வேலைக்குப் படிக்கப் போய்விட்டாள். பஸ் ஏறும் நாளில் நான் போனேன். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயிரோடு இருந்தவளைத் தள்ளிவிட்டேன் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் பிடிப்பதில்லை. தம்பி பிழைத்தான் என்று நினைத்தால் கொஞ்சம் பிடிக்கிறது. தோகார் அதைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. முன்பெல்லாம் என்னைச் சீண்டிக்கொண்டே இருப்பான். இப்போது நான் பேசினால், பதில் சொல்லுமுன் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறான்.

உங்கள் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். நன்றாக இருக்கிறாள். அடக்கமான பெண், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெண் கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். மூட்டுவலி குறைந்தால் வாருங்கள், நானே துறைமுகத்துக்கு வந்து அழைத்துப் போகிறேன்.

ஒரே ஒரு கவலை. அவள் தட்டு வைத்தபடியே இருக்கிறது. எங்கள் காரம் பிடிக்கவில்லையோ, வெட்கமோ, என்னவென்று தெரியவில்லை. அம்மா சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தட்டைப் பார்த்துப் பார்த்துக் கலங்குகிறாள். "வந்த எடத்துல புள்ள பட்டினி கெடக்குதே" என்கிறாள். அவளுக்குச் சின்ன வயதில் என்ன பிடிக்கும் என்று எழுதி அனுப்புங்கள். எப்படிச் செய்வது என்றும் எழுதுங்கள். நான் சமைத்துக் கொடுக்கிறேன்.

ரோத்துவா